ஏரெண்டெல்: விண்மீனின் பெயரா, வீரனின் பெயரா?

விடியல்நோக்கி

2022 மார்ச் கடைசியில் ஹப்பிள் தொலைநோக்கி ஒரு விண்மீனைப் பிடித்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அதன் ஒளி நம்மிடம் வந்துசேர 1290 கோடி ஆண்டுகள் ஆயின. வழியில் இருந்த ஒரு விண்மீன்திரள் கொத்து ஈர்ப்பு வில்லையாக வேலை செய்து அந்த ஒளியைப் பெருக்கிக் காட்டியதால்தான் அது தெரிந்தது. அதற்கு ஏரெண்டெல் என்று பெயர் வைத்தார்கள். "பழைய ஆங்கிலத்தில் விடிவெள்ளி என்று பொருள்" என ஒரே வரியில் பத்திரிகைகள் முடித்துக்கொண்டன.

அந்த ஒரு வரி என்னை விடவில்லை. தேடப் போனால், பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. ஐஸ்லாந்துக் கதையில் அவுர்வந்தில். டென்மார்க் வரலாற்றில் ஹோர்வெந்திலுஸ். ஜெர்மன் காவியத்தில் ஓரெண்டெல். இத்தாலியில் குடியேறிய லோம்பார்டு மக்களிடையே 8ஆம் நூற்றாண்டில் அவுரிவந்தலோ என்று ஓர் ஆண்பெயர். ஒரே பெயர்தான் நாடு நாடாகத் தேய்ந்து இப்படி வந்திருக்கிறது என்பதை யாக்கோப் கிரிம் 1835இலேயே எழுதிவிட்டார்.

இதில் ஆங்கிலத்தில் மட்டும் அது ஒளி. மற்ற எல்லா இடத்திலும் அது ஓர் ஆள். ஐஸ்லாந்தில் மட்டும் ஆளும் உண்டு, விண்மீனும் உண்டு. எது முதலில் வந்தது? விடிவெள்ளியைக் குறித்த ஒரு சொல் பிறகு மனிதருக்குப் பெயரானதா, அல்லது ஒரு வீரனின் பெயரை வானத்தில் ஏற்றினார்களா? விண்மீன்தான் முதல் என்பது என் எண்ணம். இந்த இணைய மன்றத்தில் மொழி தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கருந்துளை

அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். அது தனி விண்மீனா, நெருக்கமான விண்மீன் கூட்டமா என்ற கேள்வி இன்னும் மூடப்படவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படங்களுக்குப் பிறகும் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். பெயர் விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது, படிக்கக் காத்திருக்கிறேன். அந்த ஐஸ்லாந்துக் கதையை முழுசாகச் சொல்ல முடியுமா?

பனிமலர்

கதையை நான் சொல்கிறேன். 1220 வாக்கில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்நோரி ஸ்டுர்லுசோன் 'உரைநடை எட்டா' என்ற புராண நூலில் எழுதிவைத்தது.

இடிக் கடவுள் தோருக்கும் ஹ்ருங்னிர் என்ற அரக்கனுக்கும் சண்டை. அரக்கனின் ஆயுதம் ஒரு பெரிய தீட்டுக்கல். அவன் அதை வீச, தோர் தன் சுத்தியலை வீச, இரண்டும் நடுவானில் மோதிக் கல் இரண்டாக உடைகிறது. ஒரு பாதி மண்ணில் விழுந்தது; உலகத்தில் உள்ள தீட்டுக்கல் பாறையெல்லாம் அதிலிருந்து வந்ததாம். இன்னொரு பாதி தோரின் தலையில் பாய்ந்து அங்கேயே நின்றுவிட்டது.

அதை எடுக்க குரோவா என்ற மந்திரக்காரியைக் கூப்பிடுகிறார்கள். அவள் அவுர்வந்திலின் மனைவி. கணவன் வடக்கே அரக்கர் நாட்டுக்குப் போனவன், திரும்பவில்லை. அவள் மந்திரம் பாடப் பாடக் கல் ஆடத் தொடங்குகிறது. வலி குறைந்த மகிழ்ச்சியில் தோர் அவளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறான்: "உன் கணவனைக் கூடையில் வைத்து முதுகில் சுமந்து, எலிவாகர் என்ற பனி ஆறுகளைக் கடந்து கொண்டுவந்தேன். ஒரு கால்விரல் மட்டும் கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்து உறைந்துபோனது. அதை ஒடித்து வானத்தில் எறிந்து விண்மீனாக்கிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாளில் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான்." அந்த விண்மீனுக்கு அவுர்வந்திலின் கால்விரல் என்று பெயர்.

கணவன் வருகிறான் என்று கேட்ட பூரிப்பில் குரோவாவுக்கு மந்திரம் மறந்துபோகிறது. கல் தோரின் தலையிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் தீட்டுக்கல்லைத் தரையின் குறுக்கே எறியக் கூடாது, எறிந்தால் தோரின் தலையில் இருக்கும் கல் அசையும் என்று ஸ்நோரி முடிக்கிறார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் அந்த மறதிதான். பழைய கதைகளில் மனைவியின் மகிழ்ச்சிக்கு இப்படி இடம் கொடுப்பது அபூர்வம்.

கருந்துளை

நன்றி அக்கா. அப்படியானால் அந்தக் கால்விரல் எந்த விண்மீன்? ஓரியன் என்ற வேடன் வடிவ விண்மீன் தொகுதியின் பாதத்தில் இருக்கும் ரைஜல் என்று ஒரு தளத்தில் படித்தேன்.

தடம்பார்ப்பவன்

ஸ்நோரி எந்த விண்மீன் என்று சொல்லவே இல்லை. ரைஜல் என்பது 19ஆம் நூற்றாண்டில் பரவிய ஊகம். ஓரியனையே அவுர்வந்திலாக நினைத்துக்கொண்டு, ஒரு விரல் ரைஜல், ஒடிந்த விரல் ஆல்கோர் (நம் அருந்ததி) என்றுகூட 1899இல் அச்சான ஒரு விண்மீன் பெயர்ப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஸ்காண்டிநேவிய மக்கள் ஓரியனை ஓர் ஆளாகப் பார்த்ததற்கு ஆதாரம் எங்கே? சுவீடன் நாட்டுப்புறத்தில் ஓரியனின் இடைக்கச்சை மூன்று விண்மீன்களுக்கு ஃபிரிக் தேவியின் நூற்கோல் என்றுதான் பெயர். கால் என்றதும் கிரேக்க வேடனின் கால் நம் நினைவுக்கு வருகிறது. அந்த நினைவைக் கொண்டுபோய் வடக்கில் ஒட்டுகிறோம்.

இழையின் கேள்விக்கு என் பதில்: ஆள்தான் முதல். கால்விரல் கதை ஸ்நோரி ஒருவரிடம் மட்டும்தான் இருக்கிறது. தோரும் ஹ்ருங்னிரும் சண்டையிட்டதை ஹவுஸ்ட்லோங் என்ற அதற்கும் மூத்த பாடல் பாடுகிறது. தலையில் கல் தைத்ததும் அதில் உண்டு. அவுர்வந்தில் இல்லை, விரலும் இல்லை. தியாசி என்ற அரக்கனின் கண்களை வானத்தில் எறிந்து விண்மீன்களாக்கிய கதையும் அவர்களிடம் இருக்கிறது. உடல் உறுப்பை எறிந்து விண்மீனாக்குவது அங்கே பழகிய கதை வடிவம். ஏற்கெனவே பெயர்பெற்ற ஒரு வீரனை அதில் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

விடியல்நோக்கி

தடம்பார்ப்பவன் சொல்வது எனக்குக் கொஞ்சம் அடி. ரைஜல் என்று நானும் பல ஆண்டுகளாக நம்பி, வருகிறவர்களுக்கெல்லாம் மார்கழி வானத்தில் காட்டியிருக்கிறேன். அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஆங்கிலச் சான்றுகளை நீங்கள் தொடவே இல்லையே. அவைதான் எல்லாவற்றிலும் பழையவை. 700 வாக்கில் தொகுத்த இலத்தீன் சொற்கோவையில் 'யூபர்' என்ற சொல்லுக்கு "ஒளிக்கதிர் அல்லது ஏரெண்டில்" என்று பொருள் எழுதியிருக்கிறார்கள். ஸ்நோரிக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பு! அப்புறம் எக்ஸெட்டர் பேராலயத்தில் இன்றும் இருக்கும் 10ஆம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்பு. அதில் கிறிஸ்துவைப் பற்றிய முதல் கவிதையில் 104ஆம் வரியில் தொடங்குகிறது அந்தப் புகழ்பெற்ற விளி: "ஏரெண்டெலே, தூதர்களில் மிக ஒளியுள்ளவனே, நடுவுலகின் மேல் மனிதருக்காக அனுப்பப்பட்டவனே!" 1914 செப்டம்பரில் இளைஞராக இருந்த டோல்கீன் (பின்னாளில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதியவர்) இந்த வரிகளின் அழகில் மயங்கித்தான் ஏரெண்டெலின் கடற்பயணத்தைக் கவிதையாக்கத் தொடங்கினார்.

அந்தக் கவிதையில் எந்த வீரனும் இல்லை.

நெல்லைக்காரன்

நான் மொழியியல் படித்தவன் இல்லை. கோயிலில் பாடற்குழுவில் இருப்பதால் ஒன்று சொல்ல முடியும். அந்த ஆங்கிலக் கவிதைக்கு அடிப்படை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஏழு மாலைகளில் பாடும் 'ஓ' முன்பாடல்கள். ஒவ்வொன்றும் 'ஓ' என்று கிறிஸ்துவை ஒரு பெயர் சொல்லி அழைக்கும். டிசம்பர் 21க்கு உரியது "ஓ ஓரியன்ஸ்". உதயமே, நித்திய ஒளியின் சுடரே, நீதியின் சூரியனே, வந்து இருளில் இருப்பவர்களுக்கு ஒளி கொடும் என்று பாடுவோம். வட நாடுகளில் ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாட்கள் அவை. அந்த 'ஓரியன்ஸ்' என்ற இலத்தீன் சொல்லைத்தான் ஆங்கிலக் கவிஞர் ஏரெண்டெல் என்று தம் மொழியில் சொல்லியிருக்கிறார்.

அதனால் ஒரு சந்தேகம். ஓரியன்ஸ் என்றால் உதயம், எழும் சூரியன். விடிவெள்ளி என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

சொல்லகழ்வான்

நல்ல கேள்வி. எழும் ஒளி என்பதைத் தாண்டி அந்தக் கவிதையிலிருந்து எதையும் பெற முடியாது என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. ஆனால் பிளிக்லிங் மறையுரைகள் என்ற பழைய ஆங்கிலத் தொகுப்பில் இன்னொரு சான்று இருக்கிறது. திருமுழுக்கு யோவானின் பிறப்பைப் பற்றிய உரை. அதில் யோவானை "புதிய ஏரெண்டெல்" என்கிறார் போதகர். அடுத்தபடியாக, உண்மைச் சூரியனாகிய கடவுளே இனி வரப்போகிறார் என்கிறார். யோவான் முன்னால் வருகிறவர், சூரியன் பின்னால் வருகிறது. சூரியனுக்கு முன்னால் எழுந்து அதன் வரவைச் சொல்லும் ஒளி வானத்தில் எது? அந்த உவமை விடிவெள்ளிக்குத்தான் பொருந்தும்.

சரி, இப்போது சொல்லின் உள்ளே போவோம். பெயரின் முதல் பாதி 'அவுர்'. இங்கேதான் நூறு ஆண்டுச் சண்டை. ஐஸ்லாந்து மொழியில் அவுர் என்றால் ஈரச் சரளை, சேறு. உலக மரத்தின் மேல் தெளிக்கும் வெண்சேற்றுக்கும் அதே சொல். அதைப் பிடித்துக்கொண்டால் அவுர்வந்தில் ஏதோ ஈரமண்ணோடு சேர்ந்த ஆள் ஆகிறான், விடியல் காணாமல் போகிறது. இன்னொரு பக்கம், அது பழைய 'அவுஸ்' என்ற வேரிலிருந்து வந்தது என்பவர்கள். இலத்தீனின் அவுரோரா, வேதத்தின் உஷஸ், லிதுவேனிய அவுஷ்ரா, கிரேக்க ஏயோஸ் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. எல்லாமே விடியல். நம் வீடுகளில் உஷா என்று பெயர் வைக்கிறோமே, அதுவும் அந்த வேர்தான்.

சிக்கல் என்னவென்றால், ஆங்கிலம், ஜெர்மன், ஐஸ்லாந்து மொழி ஆகியவற்றில் பழைய ஸகரம் (தேனீ இரைவது போன்ற, குரலோடு சேர்ந்த ஸகரம்) ரகரமாக மாறிவிட்டது. ஆங்கிலத்தில் ஒருமைக்கு 'வாஸ்', பன்மைக்கு 'வேர்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த ரகரம் பழைய ஸகரம்தான். ஆகவே அந்த மொழிகளில் 'அவுர்' என்று பார்த்தால், அது பிறப்பிலேயே ரகரமா, மாறிய ஸகரமா என்று பிரித்தறிய வழியில்லை. சேறும் விடியலும் ஒரே முகத்தோடு நிற்கும்.

இந்த மாற்றத்திலிருந்து தப்பிய ஒரே மொழி கோத்திக், அதாவது கோத்துகள் என்ற பழைய ஜெர்மானிய இனத்தின் மொழி. ஆங்கிலம் 'மோர்' என்பதைக் கோத்திக் 'மைஸா' என்று வைத்திருக்கும். கோத்திக்கில் இந்தப் பெயர் கிடைத்தால் வழக்கு முடிந்தது. ஆனால் கோத்திக்கில் நமக்கு எஞ்சியது மிகக் கொஞ்சம், அதில் இந்தப் பெயர் இல்லை. 2009 வரை.

பனிமலர்

போலோன்யா! அதைத்தான் சொல்லப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சொல்லகழ்வான்

அதேதான், அம்மா. இத்தாலியில் போலோன்யா நகரத்துப் புனித பெத்ரோனியோ பேராலயத்தில் 2009இல் ஒரு தோல் ஏட்டைக் கவனித்தார்கள். மேலே தெரிவது புனித அகுஸ்தீனார் எழுதிய 'கடவுளின் நகரம்' என்ற நூல். அதன் அடியில், சுரண்டி அழித்த பழைய எழுத்து. கோத்திக். 6ஆம் நூற்றாண்டு. தோல் விலை உயர்ந்தது என்பதால் பழைய ஏட்டைச் சுரண்டிப் புதிதாக எழுதுவது அந்தக் கால வழக்கம். 2013இல் முதல் பதிப்பு வந்தது. வேதாகம மேற்கோள்களைக் கோத்து எழுதிய மறையுரை போன்ற ஒன்று அது. கோத்திக்கில் பழைய ஏற்பாடு கிட்டத்தட்ட முழுவதும் தொலைந்துவிட்டதால் அந்த மேற்கோள்கள் ஒவ்வொன்றும் புதையல்.

அதில் ஏசாயா 14:12 வருகிறது. வானத்திலிருந்து எப்படி விழுந்தான் அவுஸந்தில், காலையில் எழுகிறவன் என்று.

அவுஸந்தில். ரகரம் இல்லை, ஸகரம். அதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வேறு எழுத்துக்கு அடியில் கிடந்த ஒரே ஒரு எழுத்து, சேற்றையும் விடியலையும் பிரித்துக் காட்டிவிட்டது.

நெல்லைக்காரன்

ஐயா, உடம்பு சிலிர்க்கிறது. ஏசாயா 14:12 நம் தமிழ் வேதாகமத்தில் "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே" என்று இருக்கும். சின்ன வயதில் எனக்கு இது பெரிய குழப்பம். ஏனென்றால் வெளிப்படுத்தின விசேஷம் 22:16இல் இயேசுவே தம்மை விடிவெள்ளி என்கிறார். விழுந்தவனுக்கும் அதே சொல், ஆண்டவருக்கும் அதே சொல்லா என்று ஞாயிறுப் பள்ளியில் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர்களுக்கும் அதே கதைதான். கோத்துகள் விழுந்தவனை அவுஸந்தில் என்றார்கள். ஆங்கிலேயர் கிறிஸ்துவையே ஏரெண்டெல் என்றார்கள், யோவானையும் அப்படி அழைத்தார்கள்.

விடியல்நோக்கி

நெல்லைக்காரன், நான் சொல்லத் தெரியாமல் தவித்த வாதத்தை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயர் முதலில் ஒரு வீரனுடையதாக, அதுவும் தோரின் நண்பனாகிய ஒரு புறச்சமயக் கதைமாந்தனுடையதாக மட்டும் இருந்திருந்தால், இங்கிலாந்துத் துறவி அதைக் கிறிஸ்துவுக்கு வைப்பாரா? கோத்திக் போதகர் ஏசாயாவை மொழிபெயர்க்க அதை எடுப்பாரா? மொழிபெயர்ப்பவன் கை நீட்டும்போது கிடைப்பது நடைமுறைச் சொல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் விடிவெள்ளி என்று எழுதியது போல. புகழவும் அதே சொல், வீழ்ச்சியைச் சொல்லவும் அதே சொல் என்றால், அது எந்தப் பக்கமும் சாயாத, வானத்தில் தெரியும் பொருளின் பெயராகத்தான் இருந்திருக்க வேண்டும். கோத்துகளும் ஆங்கிலேயரும் பிரிந்து வெகு தூரம் போனவர்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க முடியாது.

தடம்பார்ப்பவன்

முதல் பாதி விடியல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போலோன்யா ஏட்டுக்கு எதிராக நான் பேச முடியாது. ஆனால் ஆள்பெயரை இவ்வளவு சுலபமாக ஒதுக்காதீர்கள்.

சாக்ஸோவைப் பாருங்கள். 1200 வாக்கில் இலத்தீனில் டேன்களின் வரலாறு எழுதியவர். அவருடைய ஹோர்வெந்திலுஸ் ஜட்லாந்தை ஆண்டவன்; நார்வே அரசன் 'கொல்' என்பவனை ஒரு தீவில் தனிச்சண்டையில் கொன்றவன்; கெருதாவை மணந்தவன்; தம்பி ஃபெங்கோ கையால் இறந்தவன். அவன் மகன் அம்லேத். ஆம், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டின் கொலையுண்ட தந்தைக்கு மூலம் இவன்தான். இவனுடைய அப்பா பெயர் கெர்வெந்திலுஸ். கெர்-வெந்தில், ஹோர்-வெந்தில். தகப்பன் பெயரின் ஒரு பாதியை மகனுக்கு வைப்பது ஜெர்மானியக் குடும்பங்களின் வழக்கம். அப்படியானால் 'வெந்தில்' என்பது வெட்டி ஒட்டக்கூடிய ஆள்பெயர்ப் பாதி என்றுதான் டேன்கள் கேட்டிருக்கிறார்கள். லோம்பார்டு அவுரிவந்தலோவும் அப்படித்தான் ஒலிக்கிறது.

பனிமலர்

ஜெர்மன் பக்கத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் நான் வசிக்கும் ஊரிலிருந்து ட்ரியர் பக்கம். அங்கே பேராலயத்தில் கிறிஸ்துவின் தையலில்லாத அங்கி என்று போற்றப்படும் ஆடை இருக்கிறது. ஓரெண்டெல் காவியம் அந்த அங்கியின் கதை. ட்ரியர் அரசனின் மகன் ஓரெண்டெல் மணப்பெண் தேடி எருசலேமுக்குக் கப்பலேறுகிறான். கப்பல் உடைந்து, உடுக்கத் துணிகூட இல்லாமல் கரையேறி, ஒரு மீனவனிடம் வேலைக்குச் சேர்கிறான். பிடித்த மீனின் வயிற்றில் அந்தச் சாம்பல் அங்கி கிடைக்கிறது. காவியத்தின் ஒரே கையெழுத்துப் படி 1477இல் எழுதியது, 1870இல் ஸ்ட்ராஸ்பூர்க் நூலகம் எரிந்தபோது போய்விட்டது. 1512இல் அச்சிட்ட பதிப்பு காப்பாற்றியது. அந்த ஆண்டுதான் ட்ரியரில் அங்கியை முதன்முறையாக மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

விண்மீன் அங்கேயும் இல்லை. ஆனால் மூன்று கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று படுகிறது. அவுர்வந்தில் குளிர்நீரைக் கடந்து வருகிறான். ஹோர்வெந்தில் கடலில் போய்ச் சண்டையிடுகிறான். ஓரெண்டெல் கடலில் விழுந்து எழுகிறான். தொலைவில் போய் மறைந்து, நீரைக் கடந்து திரும்பி வருகிறவன். வெள்ளியும் அப்படித்தானே? சில மாதம் காலையில் தெரியும், பிறகு காணாமல் போகும், மறுபடி மாலையில் வரும்.

தடம்பார்ப்பவன்

அழகாக இருக்கிறது, ஆனால் இதை நான் ஏற்க மாட்டேன் அக்கா. வட நாட்டு வீரர் எல்லாருமே கடலில் போகிறார்கள். கடல் இல்லாத கதையைத் தேடினால்தான் கஷ்டம். ஜெர்மன் காவியத்தின் கப்பலுடைப்பு, சிலுவைப்போர்க் காலத்துக் கதைகளில் சாதாரணமாக வருவது.

பனிமலர்

கப்பல் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். கூடையில் சுமந்து வருவதை மட்டும் என்னால் விட முடியவில்லை. தானாக வர முடியாத ஒருவனை, இன்னொருவர் சுமந்து பனியிலிருந்து மீட்டு வருவது மற்ற வீரர் கதைகளில் நான் பார்த்ததில்லை.

கருந்துளை

ஒரு கேள்வி ஐயா. தோர் எறிந்தது விரலை மட்டும். அவுர்வந்தில் முழுசாக வீட்டுக்கு வருகிறான். விடிவெள்ளிக்கே அவன் பெயர் என்றால், விண்மீனுக்கு "அவுர்வந்தில்" என்றுதானே இருக்க வேண்டும், ஏன் "அவுர்வந்திலின் கால்விரல்"?

சொல்லகழ்வான்

தம்பி, நீ கேட்டதில்தான் இழையின் முதல் கேள்விக்கு விடை பாதி இருக்கிறது. என் கருத்து இது: அவுஸந்தில் போன்ற ஒரு சொல் முதலில் விடிவெள்ளிக்குப் பெயராக இருந்தது. ஒளியுள்ள பெயர் என்பதால் ஆண்களுக்கும் வைத்தார்கள். வடக்கே போகப் போக அந்தச் சொல்லின் பொருள் மங்கியது, ஆள்பெயர் மட்டும் நின்றது. ஆனால் அந்தப் பெயருக்கும் ஏதோ ஒரு விண்மீனுக்கும் தொடர்பு உண்டு என்ற நினைவு அழியவில்லை. ஆளுக்கும் விண்மீனுக்கும் தொடர்பு சொல்ல வேண்டுமே? உறைந்த விரலும் எறிதலும் அங்கே நுழைகின்றன. விண்மீன் முதல் என்ற விடியல்நோக்கியும், கால்விரல் கதை பிந்தியது என்ற தடம்பார்ப்பவனும், இருவருமே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

தடம்பார்ப்பவன்

அந்த வரிசையை நான் ஏற்கிறேன், ஒரு முட்டுக்கட்டையோடு. இரண்டாம் பாதி. ஐஸ்லாந்திலும் லோம்பார்டிலும் வகரம் இருக்கிறது: அவுர்-வந்தில், அவுரி-வந்தலோ. ஆங்கிலத்திலும் கோத்திக்கிலும் இல்லை: ஏர்-எண்டெல், அவுஸ்-அந்தில். வகரம் எங்கே போனது? அல்லது எங்கிருந்து வந்தது?

சொல்லகழ்வான்

ஆங்கிலத்துக்குப் பதில் எளிது. கூட்டுச்சொல்லின் இரண்டாம் பாதியில் அழுத்தம் குறைந்த இடத்தில் வகரம் உதிர்வது அங்கே நடப்பதுதான். ரொட்டியைக் காப்பவன் என்று பொருள்படும் 'ஹ்லாஃப்-வெயர்ட்', 'ஹ்லாஃபோர்ட்' ஆகி இன்று 'லார்ட்' ஆக நிற்கிறது. வகரம் போன இடம் தெரியாது.

கோத்திக்குக்கு அந்தப் பதில் செல்லாது. அங்கே வகரம் இப்படி உதிரும் பழக்கம் இல்லை. அதனால் இரண்டு வழி திறந்திருக்கிறது. வகரம் தொடக்கத்திலேயே இருந்தது என்றால், அந்தப் பாதியைக் கோல் என்ற பொருளுள்ள 'வந்து' என்ற ஜெர்மானியச் சொல்லோடு சேர்த்து "ஒளிக்கோல்", அதாவது கதிர், என்று படிக்கலாம். 'வந்தால்' (Vandal) என்ற பழைய ஜெர்மானிய இனத்தவரின் பெயரோடு சேர்ப்பவர்களும் உண்டு. தொடக்கத்தில் இல்லை என்றால், விடிவெள்ளியின் சொல் ஆள்பெயரான பிறகு, 'வந்தால்' என்ற அந்தப் புகழ்பெற்ற இனப்பெயரின் ஓசை அதில் ஏறிக்கொண்டது என்று ஆகும். கெர்வெந்தில், ஹோர்வெந்தில் என்று நீங்கள் காட்டிய தகப்பன் மகன் பெயர்கள் இரண்டாவதற்குத்தான் வலு சேர்க்கின்றன. வகரம் உள்ள வடிவங்களைப் பாருங்கள், எல்லாமே ஆட்கள். வகரம் இல்லாத கோத்திக்கிலும் பழைய ஆங்கிலத்திலும் அது ஒளி.

நான் முப்பது ஆண்டுகளாக முதல் வழியைத்தான் சொல்லிவந்தேன். இந்த இழையைப் படித்தபின் இரண்டாவதன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

விடியல்நோக்கி

ஐயா, நீங்கள் கடைசியில் பிரித்துக் காட்டிய அந்த வேறுபாட்டை நான் எங்கும் படித்ததில்லை. பழைய ஜெர்மன் பெயர்ப்பட்டியல்களில் ஓரெண்டில், எரெண்டில் என்று வகரம் இல்லாத ஆட்களும் உண்டே, அவர்கள் இந்தக் கணக்கில் எங்கே நிற்பார்கள்?

சொல்லகழ்வான்

ஆமாம், அவர்களை மறந்துவிட்டேன். எல்லாமே ஆட்கள் என்று நான் சொன்னது நிற்கும், ஆனால் வகரம் இல்லாவிட்டால் ஒளி என்பது நிற்காது. ஜெர்மனிலும் ஆங்கிலத்தைப் போல வகரம் உதிர்ந்திருக்கலாம். பவேரிய ஆவணங்களில் அந்தப் பெயர் வரும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆண்டு வாரியாக அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன்.